சீனன்குடாவில் இறங்கிய மூன்றுகண்ணர்

அன்றைக்கும் பேப்பர் வரவில்லை. மாரி மழையில் ரயில் பாதை எங்கேயோ உடைந்து, கொழும்பிலிருந்து வரவேண்டிய யுத்தச் செய்தி நடுவழியில் நனைந்துகொண்டு கிடந்தது. ஸெய்னுதீனின் தேத்தண்ணிக்கடையில் வாங்குப் பலகை நிறைய ஆட்கள். எல்லோர் கண்ணும் இராசையாவின் வெறுங்கையில்.

துறைமுகக் களஞ்சியத்தில் கிளார்க்கராயிருந்த இராசையா, பின்னேரமானால் இங்கே வந்து இங்கிலீசுப் பேப்பரை விரித்துத் தமிழில் சொல்லுவான். இரண்டு வருடமாக ஒருவரும் குறுக்கே ஒரு வார்த்தை பேசியதில்லை. தன் சொல்லுக்கு ஊர் கொடுக்கும் மதிப்பு அது என்பது அவன் எண்ணம். சல்லிக் கிராமத்தில் வள்ளம் வைத்திருக்கும் கதிராமர், தன் மகள் கனகமணியை அவனுக்குத் தரச் சம்மதித்ததும் அந்த மதிப்பால்தான் என்று நம்பியிருந்தான். தை பிறந்தால் கலியாணம்.

அந்த வருங்கால மாமனார் முன்வாங்கில் இருந்தார். பக்கத்தில் அவருடைய வள்ளக்காரர் குஞ்சித்தம்பி, வழக்கம்போலச் சுவரில் சாய்ந்து தூக்கத்துக்கு ஆயத்தமாகியிருந்தார். செய்தி தொடங்கினால் அவர் குறட்டையும் தொடங்கும். இராசையாவின் புகழில் இருந்த ஒரே ஓட்டை அந்தக் குறட்டைதான்.

"வாசிக்க ஒண்டும் இல்லாட்டி சனம் எழும்பிப் போயிடும், தம்பி," என்று ஸெய்னுதீன் கவலைப்பட்டார்.

மாமனாருக்கு முன்னால் சும்மா இருக்க ஏலாமல், இராசையா பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்தான். வெள்ளைக்கார மாலுமி ஒருவன் களஞ்சியத்தில் மறந்துவிட்டுப் போனது. அட்டையில் மூன்று கண்ணுள்ள ஒரு சீவன் பல்லைக் காட்டியது. முதலில் வாசித்தபோது இராசையாவுக்கே தலை சுற்றியது. குடிகாரன் எழுதியது என்று மூடி வைத்தான். பிறகு, சும்மா ஒரு பக்கம் பார்ப்போமே என்று திறந்தவன் மத்தியானச் சோற்றையே மறந்துபோனான்.

"இது செய்தியில்லை. புதுமாதிரிக் கதை," என்று தொடங்கினான். "இதைக் கேக்கிறதுக்கு ஒரு முறை இருக்கு. நடந்ததோ எண்டு கேக்கக் கூடாது. நடந்தால் எப்பிடியிருக்கும் எண்டு யோசிக்க வேணும். குறுக்க மறிக்காமல் கடைசி மட்டும் கேட்டுப்போட்டு, வீட்ட போய்ச் சோத்தைத் தின்ன வேணும். அவ்வளவுதான்."

எல்லோரும் தலையாட்டினார்கள். இதில் என்ன கஷ்டம் என்பது போலிருந்தது அந்தத் தலையாட்டல்.

கதையில் வேறொரு கிரகத்து ஆட்கள் அண்டா மாதிரிப் பெரிய இரும்புக் கிடாரத்தில் ஏறிவந்து அமெரிக்காவில் இறங்கினார்கள். அந்த ஊர்ப்பெயரைச் சொல்வதற்குள் இராசையாவின் நாக்குச் சுளுக்கியது. கேட்டவர்கள் கொட்டாவி விட்டார்கள். புதிதாகக் கேட்கிறவர்களுக்குத் தெரிந்த இடம் என்றால் மனதில் ஒட்டும் என்று நினைத்து, கிடாரத்தை அப்படியே தூக்கி, துறைமுகத்தை ஒட்டிய சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகளுக்குப் பக்கத்தில் இறக்கினான்.

அதன் பிறகு ஒருவரும் கொட்டாவி விடவில்லை. மூன்றுகண்ணர் தாங்கியில் வாயை வைத்து எண்ணெய் குடித்தார்கள். பட்டாளம் சுட்டது, குண்டு அவர்கள் மேல் பட்டுத் தெறித்து விழுந்தது. பெரிய துரைமார் காரில் ஏறி முதல் ஆளாக ஓடினார்கள். ஸெய்னுதீன் ஊற்றிய தேத்தண்ணி கோப்பை நிரம்பி மேசையெல்லாம் ஓடியது. இராசையா நிமிர்ந்து பார்த்தான். குஞ்சித்தம்பி கண்ணை அகல விழித்துக்கொண்டிருந்தார்.

"துரைமார் முதல் ஓடினவையோ?" என்று கதிராமர் கேட்டார். இரண்டு வருடத்தில் அந்தக் கடையில் எழுந்த முதல் கேள்வி அது.

"ஓம் மாமா. காரில."

கதிராமர் சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். வாங்கு முழுவதும் எழுந்தது. இராசையா திடுக்கிட்டுப்போனான். இது கதை, வெறும் பொய் என்று கையை விரித்து மறித்தான். "பயப்பட ஒண்டுமில்லை. துறைமுகத்துக்கு ஒண்டும் நடக்காது," என்றான்.

சொன்ன பிறகுதான் நினைவு வந்தது. முந்தின வருடம் வருஷப்பிறப்புக்குச் சற்று முன், ஜப்பான்காரன் வந்து குண்டு போட்டதற்கு முதல்நாள் பின்னேரம், இதே வாங்கில் இருந்து பேப்பரைப் பார்த்து அவன் வாசித்ததும் இதே வார்த்தைகள்தான். கடை காலியாயிற்று.

வேண்டுமானால் போய்ப் பார்ப்போம் என்று வீதியில் நின்று கூப்பிட்டான். ஆனால் சீனன்குடாவுக்குள் ஊராரை விட மாட்டார்கள்; காவல்காரன் துவக்கோடு நிற்கிறான். பார்க்க விடாத இடத்தில் ஏதோ இருக்கத்தானே வேண்டும் என்று சனம் இன்னும் விரைவாக நடந்தது.

கடைசி வழியாகப் பொலிசுக்கு ஓடி, இன்ஸ்பெக்டரின் காலில் விழாத குறையாகக் கெஞ்சினான். அவரும் ஜீப்பில் ஏறி, தகரக்குழாயை வாயில் வைத்து, சீனன்குடாவில் ஒன்றும் இறங்கவில்லை, ஒருவரும் ஊரைவிட்டுப் போகத் தேவையில்லை என்று தெருத்தெருவாக அறிவித்தார். அதுவரை யோசித்துக்கொண்டிருந்தவர்களும் பாயைச் சுருட்டினார்கள். இன்ஸ்பெக்டர் திரும்பி இராசையாவை முறைத்தார்.

கேத்திலைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு போன ஸெய்னுதீன்தான் மீதியையும் சொன்னார். கதிராமர் குடும்பத்தோடு வள்ளத்தில் மூதூருக்குக் கடந்து, தோப்பூருக்குப் போய்விட்டாராம். தோப்பூரில் கதிராமரின் தங்கை மகன் ஒருவன் இருக்கிறான், வயல் வைத்திருக்கிறான், கலியாணமும் ஆகவில்லை. இராசையா வள்ளம் தேடி ஓடினான். பொய்யனுக்கு எந்தத் தகப்பன் பெண் கொடுப்பான்?

குடாக் கடலில் மழையும் அலையும் மாறிமாறி அடிக்க, வயிற்றில் இருந்ததெல்லாம் கடலுக்குக் கொடுத்து, சேறும் சகதியுமாக அவன் தோப்பூர் வயல்வாடியைக் கண்டுபிடித்தபோது பொழுது விடிந்திருந்தது. கனகமணி அரிசி கழுவிக்கொண்டிருந்தாள். அவனைக் கண்டதும் பானையை நழுவவிட்டாள்.

இராசையா மூச்சு வாங்கப் புத்தகத்தை நீட்டினான். "மாமா, இஞ்ச பாருங்கோ. இது ஆரோ ஒருத்தன் வீட்டில இருந்து யோசிச்சு எழுதினது."

கதிராமர் அட்டையை நெடுநேரம் பார்த்தார். "படமும் பிடிச்சுப் போட்டாங்கள்," என்று பெருமூச்சு விட்டார்.

இராசையாவுக்கு அழுகை வந்துவிட்டது. தான் பொய்யனென்றே வைத்துக்கொள்ளட்டும், கலியாணத்தை மட்டும் நிறுத்த வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டான்.

"ஆர் நிப்பாட்டினது?" என்றார் கதிராமர். "ஊரைக் காப்பாத்தின மனிசன் நீங்கள். முந்தி, நல்லாக் கதை சொல்லுறீங்கள், பிள்ளை சிரிச்சுக்கொண்டு இருப்பாளெண்டு சம்மதிச்சனான். இப்ப உண்மையும் சொல்லுவீங்களெண்டு தெரியுது. தாலியை இஞ்சையே கட்டுங்கோ."

இராசையாவுக்குப் பெண் கிடைத்த சந்தோஷம் நெஞ்சுவரை வந்து அங்கேயே சிக்கிக்கொண்டது. "மாமா, கதை கேக்கிற முறை உங்களுக்கு விளங்கேல்லை," என்று திக்கினான். "நான் கதை சொன்னது இந்த ஒருக்காத்தான்."

மூலையில் சாக்கில் படுத்திருந்த குஞ்சித்தம்பி இரக்கத்தோடு எழும்பி உட்கார்ந்தார்.

"அந்த முறை எங்களுக்கு எப்பவோ தெரியும், தம்பி. நடந்ததோ எண்டு கேளாமல், குறுக்க மறியாமல், வீட்ட போய்ச் சோத்தைத் திண்டுகொண்டு, ரெண்டு வருசமா உங்கட பேப்பரை அப்பிடித்தானே கேட்டனாங்கள்."