தராசு மாமாவும் நாற்பது அட்டையும்

இந்த உலகத்தில் எதையுமே தூக்கிப் போடாத மனிதர் ஒரே ஒருவர்தான் பிறந்திருக்கிறார். அவர் கடலூர் முதுநகரில், என் தையல் கடையை ஒட்டிக் காயலான் கடை வைத்திருக்கிறார். அவர் பெயர் ரேஷன் கார்டில் இருக்கும். எங்கள் தெருவுக்கு அவர் தராசு மாமா.

ஒரு புயலில் எங்கள் தெருவே கூரை இழந்து நின்றது. மறுநாள் காலை ஆளாளுக்குத் தகரம் தேடி அலைந்தால், மாமா கடை வாசலில் எல்லாத் தகரமும் அளவு வாரியாக அடுக்கி இருந்தது. "பறந்து வந்துச்சு, எடுத்து வெச்சேன்" என்றார். துருவைப் பார்த்தே இது யார் வீட்டுத் தகரம் என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். கடைசியில் ஒரு தகரத்துக்கு மட்டும் ஆள் வரவில்லை. வருவார்கள் என்று இன்றுவரை வைத்திருக்கிறார்.

அவர் வீட்டில் பல் துலக்கும் பிரஷ் தேய்ந்தால் சைக்கிள் செயின் துடைக்கப் போகும். செயின் தேய்ந்தால் கேட்டைக் கட்டப் போகும். எந்தப் பொருளுக்கும் அங்கே சாவு கிடையாது, பதவி மாற்றம்தான்.

அப்படிப்பட்டவர் வாழ்க்கையில் ஒரே ஒரு முறை ஒன்றை வேண்டாம் என்று லாரியில் ஏற்றினார். அது அவர் மகன் அருணுடையது.

அருண் சிதம்பரத்தில் ஹாஸ்டலில் தங்கிப் படித்தவன். அங்கே ஒரு கார்டு விளையாட்டு பழகிக்கொண்டான். ரம்மி இல்லை. ஒவ்வொரு கார்டிலும் ஒரு பூதமோ பறவையோ மந்திரமோ இருக்கும். ஆளுக்கொரு கட்டு வைத்துக்கொண்டு எதிரெதிரே உட்கார்ந்து, பூதங்களை இறக்கிச் சண்டை போட வேண்டும். வருடக்கணக்கில் சேர்த்த கார்டுகளை இரண்டு பிஸ்கட் டப்பாவில் போட்டுப் பரணில் வைத்துவிட்டு, பெங்களூருக்கு வேலைக்குப் போனான்.

போகி வந்தது. "ஊர் பரணையெல்லாம் காலி பண்ற, நம்ம பரணை எப்பய்யா காலி பண்ணுவ?" என்று அத்தை கேட்டுவிட்டார். மாமாவுக்கு ரோஷம். மூன்றாம் நாள் அருண் லீவில் வந்தான். அன்று நடந்த பேச்சு சுவர் தாண்டி எனக்கே கேட்டது.

"அப்பா, அந்த டப்பா எங்க?"

"டப்பா இருக்குடா. அம்மா முறுக்கு போட்டு வெச்சிருக்கா."

"உள்ள இருந்தது?"

"அட்டைதானே? லோடுல போயிடுச்சு."

அருண் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அன்றிலிருந்து அப்பாவோடு பேச்சை நிறுத்திவிட்டான். போன் வந்தால் அம்மாவோடு மட்டும்தான். அத்தை ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு, பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும் மாமாவிடம், "அப்பா சாப்ட்டாரான்னு கேக்கறான்" என்பார். மாமா போனுக்கு ஒரு முழம் தள்ளி இருந்துகொண்டு, "சாப்ட்டேன்னு சொல்லு" என்பார். அத்தை போனில், "சாப்ட்டாராம்" என்பார். இப்படியே இன்னொரு பொங்கலும் போனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா வண்டியை என் கடை வாசலில் நிறுத்தினார்.

"மாப்ள, ஏறு. செதம்பரம் போறோம். அந்த மாதிரி அட்டை ஆடற பசங்க அங்க ஒரு மாடியில கூடறாங்களாம். வேண்டாத அட்டை இருந்தா வாங்கியாந்து டப்பாவ ரொப்பிப்புடலாம்."

"நான் எதுக்கு மாமா?"

"நீ வாயத் தொறக்க மாட்ட. எனக்குத் தொணைக்கு அதான் வேணும். பேசறத நான் பாத்துக்கறேன்."

ஒரு மணி நேரத்தில் போக வேண்டிய தூரம். லாரியிலிருந்து விழுந்த நட்டு, போல்ட்டு கண்ணில் பட்ட இடமெல்லாம் வண்டி நின்றது. பி.முட்லூர் தாண்டும்போது என் சட்டைப் பை இரண்டும் இரும்புக் கடையாகியிருந்தது.

கீழவீதிப் பக்கம் ஒரு ஸ்டேஷனரி கடை மாடி. மாணவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் குனிந்து கார்டு பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஊசி விழுந்தால் கேட்கும். மாமா படியேறி வந்து நின்று, தெருவில் கூவும் அதே குரலில், "வேண்டாத அட்ட்டை, பழைய அட்ட்டை இருக்கா?" என்றார். ஒரு பையன் கையிலிருந்த கார்டெல்லாம் கீழே சிதறியது.

ஆட்டத்தை நடத்தும் பெண் எழுந்து வந்தாள். கடைசி வருட மாணவி. சட்டையில் 'ஜட்ஜ்' என்று எழுதியிருந்ததால் அந்த நிமிடத்திலிருந்து அவள் மாமாவுக்கு ஜட்ஜம்மா. விஷயத்தைக் கேட்டதும் அவள் முகம் மாறியது.

"அருண் அண்ணாவோட அப்பாவா? எங்களுக்கெல்லாம் கத்துக் குடுத்ததே அவர்தான் அங்கிள். ஆனா இன்னிக்கு யாருமே கார்டு கொண்டு வரல. இன்னிக்கு லிமிடெட்."

"அப்புடின்னா?"

"எல்லாருக்கும் புதுசா ஆறு பேக்கட் தருவோம். இங்கயே பிரிக்கணும். அதுல வந்தத வெச்சு, குறைஞ்சது நாப்பது கார்டுல ஒரு கட்டு கட்டி ஆடணும். வீட்ல ஆயிரம் கார்டு இருந்தாலும் எடுக்கக் கூடாது. ஒண்ணுமே இல்லாதவங்களும் ஆடலாம்."

"ஒண்ணுமே இல்லாதவங்களும்" என்று மாமா திருப்பிச் சொன்னார். பிறகு வெகுநேரம் ஆட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அட்டை கேட்கவே இல்லை.

திரும்பி வரும்போது வண்டி எங்கும் நிற்கவில்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது.

"மாப்ள, பாத்தியா? எறக்கறேன், அடிக்கறேன், தடுக்கறேன்னு ஒவ்வொண்ணையும் வாயத் தொறந்து சொல்லித்தான் ஆடணும். பொங்கலுக்கு வர்றப்ப அருணு அங்க ஆட வரானாம், அவங்கம்மாகிட்ட சொல்லியிருக்கான். அவன் எதுத்தாப்ல நான் உக்காந்துட்டா?"

"உக்காந்துட்டா?"

"பேசித்தானே ஆவணும்!"

அடுத்த ஞாயிறு மாமா முதல்முறை ஆட உட்கார்ந்தார். ஆறு பேக்கட்டையும் பிளேடு வைத்து, உறை கிழியாமல் பிரித்தார். உறையை மடித்துப் பையில் வைத்தார். எண்பதுக்கு மேல் கார்டு. மற்றவர்கள் இருபத்து மூன்றைப் பொறுக்கிக்கொண்டு, கடையில் சும்மா கொடுக்கும் லேண்டு கார்டு பதினேழைச் சேர்த்து நாற்பதாக்கினார்கள். லேண்டு என்பது நிலம். நிலம் மேஜையில் இருந்தால்தான் பூதத்தை இறக்க முடியும். சிவப்புப் பூதத்துக்குச் சிவப்பு நிலம், நீலத்துக்கு நீலம். அதனால் ஐந்து நிறத்தில் இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை ஒதுக்கிவிடுவார்கள்.

மாமா கை தூக்கினார். "ஜட்ஜம்மா, நாப்பதுக்கு மேல போவக் கூடாதுன்னு சட்டம் இருக்கா?"

"அப்படி இல்ல அங்கிள். ஆனா..."

"அப்ப சரி."

ஐந்து நிறத்தையும் போட்டார். எல்லாக் கார்டையும் போட்டார். பேக்கட்டுக்குள் வந்த விளம்பர அட்டையையும் போட்டார். அதற்கெல்லாம் நிலம் சேர்த்ததும் கட்டு செங்கல் உயரத்துக்கு வந்தது. அதைக் கலைக்க நானும் எதிரே உட்கார்ந்த மாணவனும் சேர்ந்து உதவினோம். ஆட்டம் தொடங்கியது. மாமா கையில் ஐந்து நிறப் பூதங்களும் நின்றன. மேஜையில் இருந்தது ஒரு பச்சை நிலம்.

"கையி ரொம்பக் கெடக்கு, ஒண்ணையும் எறக்க முடியலியே தம்பி! வூட்ல அரிசி இருக்கு, அடுப்பு இல்லாத மாதிரி இருக்கு" என்றவர், நாலாவது சுற்றில் வெற்றிக் களிப்போடு ஒன்றை இறக்கினார்.

"அங்கிள், அது விளம்பரம்."

"இருக்கட்டும். அது என்னா பண்ணும்?"

எல்லா ஆட்டமும் தோற்றார். தோற்றது அவருக்குப் பெரிதில்லை. ஜட்ஜம்மா சொன்ன ஒரு விஷயம்தான் அவர் முகத்தைத் தொங்க வைத்தது. முதல் ஆட்டம் முடிந்ததும் ஜெயித்தவர் ஜெயித்தவரோடும், தோற்றவர் தோற்றவரோடும்தான் உட்காருவார்களாம்.

"அருணு தோப்பானாம்மா?"

"அருண் அண்ணாவா? சான்ஸே இல்ல அங்கிள்."

ஆக, மகன் எதிரே உட்கார வேண்டுமானால் அப்பா ஒரு ஆட்டமாவது ஜெயிக்க வேண்டும். ஜெயிக்க வேண்டுமானால் கார்டுகளைக் கழிக்க வேண்டும். கழிப்பது என்பதுதான் மாமாவுக்குத் தெரியாத ஒரே வேலை.

மாமா கடைக்குள் ஒரு பழைய பிரிட்ஜைப் படுக்கப் போட்டிருந்தோம், அதுதான் எங்கள் மேஜை. ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கும், அதைவிட ஒரு வகுப்பு கம்மியான அவருக்கும் கார்டில் இருந்த இங்கிலீஷ் எட்டவில்லை. ஜட்ஜம்மா ஒருமுறை படித்து அர்த்தம் சொன்னாள். பேர் வைத்தது மாமா. கொம்பு இருந்தால் கொம்பன். சிறகு இருந்தால் ரெக்கைக்காரி. முதுகில் சாக்குப் பை தொங்க ஒரு கிழவன் இருந்தான். செத்துக் குப்பைக்குப் போன கார்டு ஒன்றைத் திருப்பி எடுத்துக் கொடுப்பதுதான் அவன் வேலை. அவனுக்கு மாமா வைத்த பேர், நம்மாளு.

தினமும் மாலை எல்லாக் கார்டையும் பரப்புவார். ஒன்றை ஒதுக்குவார். உடனே, "இதுக்கு என்னா கொற மாப்ள?" என்று திருப்பி எடுத்துக்கொள்வார்.

"மாமா, சட்டை தைக்கணும்னா துணிய வெட்டித்தான் ஆவணும்" என்றேன். அந்த வாரத்தில் நான் பேசிய பெரிய வாக்கியம் அதுதான்.

"வெட்டுன துண்ட என்னா பண்ற? எங்கிட்டதான எடைக்குப் போடற?" என்றார்.

முடிச்சை அவிழ்த்தது ஜட்ஜம்மாதான். அடுத்த முறை போனபோது மாமா நாற்பத்தெட்டில் நின்றுகொண்டு, எட்டு கார்டையும் நெஞ்சோடு பிடித்திருந்தார்.

"அங்கிள், இத நீங்க தூக்கிப் போடல. மிச்ச கார்டெல்லாம் பக்கத்துலயே இருக்கும். ஒரு ஆட்டத்துல மூணு கை. ஒரு கை முடிஞ்சதும் அதுலேருந்து வேணுங்கறத உள்ள எடுத்துக்கலாம்."

மாமா அவளை ஏற இறங்கப் பார்த்தார். "அப்ப இது குப்பை இல்லியா?"

"இல்ல."

"குடோன்!" என்று கத்தினார். "அத மொதல்லயே சொல்லக் கூடாதாம்மா? மாப்ள, இது குடோன்டா!"

கண் மூடித் திறப்பதற்குள் எட்டு கார்டும் குடோனுக்குப் போயின. மாமா வாழ்க்கையில் முதல்முறையாகச் சரியாக நாற்பது.

பொங்கல் கழிந்த ஞாயிறு. அருண் தன் நண்பர்களோடு முன்னமே வந்து உட்கார்ந்திருந்தான். எங்களைப் பார்த்ததும் எழுந்து போகப் பார்த்தவன்போல ஒரு கணம் நாற்காலியைத் தள்ளினான். அதற்குள் ஜட்ஜம்மா பேக்கட் கொடுக்க ஆரம்பித்துவிட்டாள். மாமா பிரித்த புதுப் பேக்கட்டுகளிலும் அவருக்குப் பழகிய முகங்கள் சில வந்தன.

அருண் முதல் ஆட்டத்தை டீ ஆறுவதற்குள் ஜெயித்தான். மாமாவின் எதிராளிக்குக் கையில் அற்புதமான பூதங்கள் வந்தன, நிலம் வரவே இல்லை. "எனக்கும் இப்புடித்தான் தம்பி வந்துச்சு. மனசத் தளர வுடாத" என்று ஆறுதல் சொல்லிக்கொண்டே மாமா அவனைக் கொம்பனால் முட்டித் தீர்த்தார். ஜெயித்த சீட்டில் தன் பெயரை எழுத்துக் கூட்டிப் போட்டார்.

இரண்டாம் ஆட்டத்துக்கு ஜட்ஜம்மா போனில் இருந்த ஜோடிகளைப் படித்தாள். அருணுக்கு எதிரே மாமா.

மாடி முழுவதும் வேறு வேலை இருப்பதுபோல நடித்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன், காது மட்டும் திரும்பவில்லை.

அருண் கெட்டிக்காரன். வாயைத் திறக்காமலே ஆடினான். பூதத்தை இறக்கினான், விரலால் தொட்டுக் காட்டினான். அடிப்பதற்கும் விரல்தான். மாமா பொறுத்துப் பார்த்தார். பிறகு கை தூக்கினார்.

"ஜட்ஜம்மா! எதிராளி வாயத் தொறக்க மாட்டேங்கறாரு. இது சட்டமா?"

ஜட்ஜம்மா உதட்டைக் கடித்துக்கொண்டு வந்தாள். "அண்ணா, சொல்லி ஆடுங்கன்னு நீங்கதானே எங்களுக்குச் சொல்லிக் குடுத்தீங்க?"

அருண் மேஜையைப் பார்த்துக்கொண்டு, "அட்டாக்" என்றான்.

"என்னா? கேக்கல" என்றார் மாமா.

"அட்டாக்!"

"ஆங். அடி, அடி" என்றார் மாமா. தடுக்க ஆள் இருந்தும் அவர் தடுக்கவில்லை. முகம் எல்லாம் பல்.

முதல் கையில் மாமா தோற்றார். இரண்டாவது கைக்கு முன் குடோனைத் துழாவி ஒரு கார்டை உள்ளே சேர்த்தார். பாதி ஆட்டத்தில் அவருடைய கொம்பன் செத்துக் குப்பைக்குப் போனான். மாமா உடனே அந்தப் புதுக் கார்டை எடுத்து வைத்தார். நம்மாளு.

"எறக்கறேன். குப்பைக்குப் போனதத் திருப்பி எடுக்கறேன்" என்றார். சொல்லும்போது மகனைத்தான் பார்த்தார்.

அருண் அந்தக் கிழவனையும் சாக்குப் பையையும் பார்த்தான். அப்புறம் அப்பாவைப் பார்த்தான்.

"அப்பா, உனக்கு லேண்டு ஒண்ணு கொறையுது. இப்ப எறக்க முடியாது" என்றான். கார்டை அப்பா பக்கமே நகர்த்தி, "கையிலயே வெச்சிரு. அடுத்த டர்ன்ல எறக்கு" என்றான்.

எதிராளிக்கு யாரும் சொல்லாத யோசனை அது. மாமா கார்டைப் பத்திரமாகக் கையில் எடுத்துக்கொண்டார். அடுத்த சுற்றில் இறக்கி, கொம்பனைத் திருப்பி எடுத்தார்.

"எடுத்துட்டேன்டா."

"பாத்தேன்ப்பா."

அந்தக் கையும் மாமாவுக்குத் தோல்விதான். அதை அவர் கவனித்ததாகவே தெரியவில்லை. அருண் அப்பாவின் குடோனை இழுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு கார்டாகப் புரட்டி, "இவ்ளோ நல்ல கார்ட வெளிய வெச்சிட்டு, இந்தத் தவளையப் போயி உள்ள வெச்சிருக்க! யாராவது தவளைய வெப்பாங்களா?" என்று திட்ட ஆரம்பித்தான். இரண்டு வருடப் பேச்சு பாக்கி. பி.முட்லூர் தாண்டியும் தீர்ந்திருக்காது. வண்டியில் என் இடத்தில் அவன் உட்கார்ந்து போனான். நான் பஸ்ஸில் நின்றுகொண்டே, சிரித்துக்கொண்டே வந்தேன்.

இப்போது ஞாயிறு தவறாமல் பெங்களூரிலிருந்து மாமாவின் போனுக்கே போன் வருகிறது. மற்ற நாட்களில் அந்தப் பழைய பிரிட்ஜின் மேல் நானும் மாமாவும் ஆடுகிறோம். கூச்சத்தில் நான் என் வழக்கப்படி, "அடிக்கறேன் மாமா" என்று வாய்க்குள்ளேயே சொல்வேன். "என்னா? கேக்கல" என்பார். நாலு தெரு தள்ளி ஒரு ஆணி விழுந்தாலும் அவருக்குக் கேட்கும் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் இன்னொரு முறை, கொஞ்சம் சத்தமாகவே சொல்கிறேன்.