விமானத்திற்கு இட்ட பொட்டு

"அக்கா, தேங்காயை இதிலை உடைக்கப்படாது!"

மெக்கானிக் வலன்ரைன் சொல்லி முடிக்குமுன் தேங்காய் சிதறிவிட்டது. விமானத்தின் முன்விசிறி சுழன்றால் ஒவ்வொரு சிரட்டைத் துண்டும் தோட்டாவாகும் என்றார் அவர். விமானத்தின் உரிமையாளரான நகுலேஸ்வரன் அவரோடு முழங்காலிட்டுத் துண்டுகளைப் பொறுக்கினார். தேங்காயை உடைத்த ஞானாம்பிகை, கணவனின் அந்த இரட்டை இருக்கை விமானத்தை இமையாமல் நோக்கி நின்றாள்.

புவாண்ட்-கிளேர் நகரில் பண்டகசாலை மேற்பார்வையாளரான நகுலேஸ்வரன், அந்தப் பழைய விமானத்தை வாங்கியபின் பறந்ததைவிடப் பழுது பார்த்ததே மிகுதி. ஆண்டுச் சோதனைக்காக அது மாசியிலிருந்து திறந்து கிடந்தது. சிறகின் மூடிகளைக் கழற்றிய அன்று அவர் உள்ளே குனிந்து பார்த்தார். சுண்டுவிரல் தடிப்புமில்லாத கம்பிகள்; சின்னஞ்சிறு கப்பிகள்; ஆணிகள் அவிழாதபடி பிணைத்த மெல்லிய முறுக்குகள். இத்தனை நொய்ம்மை கூடியா வானில் நிற்கிறது என்று, கருவறை முன் நிற்பவர்போல் கைகட்டி நின்றார். அந்த வியப்பில் மனைவிக்கும் பங்கு தர வேண்டும். மலையையும் ஆற்றையும் அவள் மேலிருந்து காண வேண்டும்.

"ஒரேயொருக்கா வாறன். அண்டைக்கு இது எழும்பேல்லை எண்டால், பேந்து என்னைக் கேக்கவே கூடாது," என்று, பலமுறை மறுத்த பின் அவள் நிபந்தனை விதித்திருந்தாள்.

அந்த நாள், 2004 ஆனி மாதத்தின் இந்தச் சனிக்கிழமை.

"தேங்காய்தான் சரிவரேல்லை. சந்தனமாவது வைக்கட்டோ?"

"வை ஞானம், வடிவா வை!"

மூக்கிலிருந்து வால்வரை பொட்டுகள் மலர்ந்தன. சுற்றிவந்து பார்த்த வலன்ரைன் இடப்பக்கத்தில் திகைத்து நின்றார்.

"ஐயோ அண்ணை! ஓட்டை அடைபட்டுப் போச்சு."

"ஊசி போற ஓட்டை. அதாலை என்ன?"

"இதாலை காத்துப் போனால்தான் உயரம் தெரியும். அடைச்சால், தான் எங்கை நிக்கிறன் எண்டு பிளேனுக்கே தெரியாது."

கடுகளவு துளை வழியே விசும்பை அளக்கும் விந்தையை எண்ணி நகுலேஸ்வரன் மெய்சிலிர்த்தார். அந்தச் சிலிர்ப்பு அடங்குமுன் மனைவியின் கொண்டையூசியை வாங்கிக் குத்தினார். சந்தனம் உள்ளே போயிற்று.

"கை வையாதேங்கோ! குழாயைக் கழட்டித் துப்புரவாக்கிறன்," என்று வலன்ரைன் கருவிகளை எடுக்க ஓடினார்.

"அதுக்கிடையிலை ஒருக்கா ஊதிப் பாருங்கோவனப்பா," என்றாள் ஞானாம்பிகை.

அவர் துளையில் வாய் வைத்து, நெஞ்சிலிருந்த மூச்செல்லாம் ஊதினார்.

திரும்பி வந்த வலன்ரைன் விமானி இருக்கையின் முன்னிருந்த மானிகளை எட்டிப் பார்த்தார்.

"ஊதினீங்களோ?"

"மெல்லமாத்தான்..."

உயரமானியின் முள் நிலமட்டத்துக்குக் கீழே இறங்கி அசையாது நின்றது. முடி தேடி அன்னமாய்ப் பறக்க வேண்டிய விமானம், அடி தேடிப் பன்றியாய் மண்ணைத் துளைத்திருந்தது.

"இதை வெளியிலை அனுப்பித்தான் திருத்தவேணும், அண்ணை. இண்டைக்குப் பறக்கேலாது."

"ஞானம், இன்னொரு நாளைக்கு..."

"சொன்னது சொன்னதுதானப்பா," என்று அவள் கண்ணைத் துடைத்தபடி காரை நோக்கி நடந்தாள்.

நகுலேஸ்வரன் சக்கரத்தருகே குந்திவிட்டார். வலன்ரைன் அவர் தோளைத் தட்டினார்.

"கவலைப்படாதேங்கோ அண்ணை, அக்காவுக்கும் இதிலை நல்ல ஆர்வம். வியாழக்கிழமை எனக்கு ரெலிபோன் எடுத்து, எந்த ஓட்டை அடைபட்டால் நான் பிளேனை எழும்ப விடமாட்டன் எண்டு கேட்டவா. அது இடப்பக்கமோ வலப்பக்கமோ எண்டும் விசாரிச்சவா."