கூத்துக் கேள்விக்கு விடை ‘ஆ’

செலியமேட்டுச் சிங்காரவேலு ஒரு பெரிய முடிவுக்கு வந்திருந்தான். தன் மனைவி புவனேஸ்வரி அரசாங்கத் தேர்வில் தேறிவிடக் கூடாது.

பொறாமையெல்லாம் கிடையாது, சோற்றுப் பயம்தான். வேலை கிடைத்தால் அவள் விடிந்ததும் பஸ் ஏறிப் புதுச்சேரிக்குப் போய்விடுவாள். கரும்புக் கொல்லையிலிருந்து பசியோடு வருகிறவனுக்கு யார் சோறு வடிப்பது? அவனுக்குத் தெரிந்த ஒரே சமையல் வெந்நீர். அதையும் சில நாள் தீய்த்துவிடுவான்.

படிக்காதே என்று சொல்லத் தைரியம் இல்லை. அதனால், நானே சொல்லித் தருகிறேன் என்று முன்வந்தான். ஒரே கேள்வியில் மத்தியானம் முழுவதையும் கரைத்துவிடுவது என்று திட்டம். அவளும் மறுபேச்சில்லாமல் சரி என்றாள்.

வேப்பமர நிழலில் பாய் விரித்தாள். முருங்கைக்கீரைக் கட்டு ஒன்றை முறத்தோடு நடுவில் வைத்தாள். பிறகு புத்தகத்தைப் பிரித்து வாசித்தாள்.

“தெருக்கூத்து பார்க்க வந்தவர்கள் விடியும்வரை எழுந்து போவதில்லை. மேடை நாடகம் பார்க்க வந்தவர்கள் பாதியில் கிளம்பிவிடுகிறார்கள். ஆகவே கூத்தே சிறந்த கலை. இந்த வாதத்தைப் பலவீனமாக்குவது எது? அ, கூத்துக் கலைஞர்களுக்குப் பயிற்சி அதிகம். ஆ, கூத்து நடக்கும் ஊரில் விடியும்வரை பஸ் இல்லை.”

விடை ‘ஆ’ என்று சிங்காரவேலுவுக்கே பளிச்சென்று தெரிந்தது. பஸ் இல்லாதவன் கலைக்காகவா உட்கார்ந்திருப்பான்? ஆனாலும் முகத்தைக் கனமாக வைத்துக்கொண்டான்.

“அவசரப்படாத புவனா. கூத்துன்னா இன்னான்னு மொதல்ல புரியணும்.”

“நீங்க சொன்னாத்தான புரியும்,” என்றாள்.

ஏய்க்கத்தான் ஆரம்பித்தான். ஆனால் கூத்து அவனை இழுத்துக்கொண்டு போய்விட்டது. இரண்டு பேர் திரை பிடிக்கிறார்கள். திரைக்குப் பின்னால் சலங்கை மட்டும் பேசுகிறது. திரைக்கு மேலே கிரீட நுனி தெரிகிறது. ஆர்மோனியக்காரர் சுருதியைத் தூக்குகிறார். திரை விலகுகிறது. ராஜா யார் என்றால், சாட்சாத் சிங்காரவேலு. தோளில் கட்டிய மர அணியில் பதித்த கண்ணாடித் துண்டுகள் தகதகக்கின்றன. பக்கத்து ஊரான பாகூரே திரண்டு வந்து தரையில் உட்கார்ந்திருக்கிறது. முன்வரிசையில் புவனா கைகூப்பியிருக்கிறாள். ஏரிக்காற்றில் அசைந்த கரும்புப் பூக்கள் அவனுக்கு வெள்ளைச் சாமரம் வீசின.

“அப்பறம் ராஜா இன்னா சொல்லுவாரு?” என்று புத்தகத்திலிருந்து தலை நிமிராமல் எப்போதாவது கேட்டாள் புவனா. அது போதுமாக இருந்தது. ராஜா இன்னொரு நாட்டைப் பிடித்தார்.

ராஜா சகல எதிரிகளையும் ஒழித்துச் சிம்மாசனம் ஏறியபோது வெயில் தென்னந்தலைக்குப் போயிருந்தது. சிங்காரவேலு கண்ணைக் கசக்கிக்கொண்டு கீழே பார்த்தான். முறத்தில் கீரை ஒரு காம்புகூட இல்லாமல் ஆய்ந்து குவிந்திருந்தது. அவன் விரல்களெல்லாம் பச்சை. எதிரே புவனா அந்தப் பாடத்துக் கேள்விகள் அத்தனையும் போட்டு முடித்திருந்தாள்.

“அந்தக் கூத்துக் கேள்விக்கு விடை?” குரல் இறங்கிக் கேட்டான்.

“ஆ. படிச்சவொடனே போட்டுட்டேன்.”

“அப்பறம் எதுக்கு என்ன இம்மாநேரம் பேச வுட்ட?”

அவள் முறத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு எழுந்தாள்.

“கூத்துப் பேச்சுன்னா உங்க கை தன்னால வேல செய்யுதுங்க. நாளைக்கு பொம்மலாட்டத்தப் பத்தி ஒரு கேள்வி இருக்கு. உரிக்கறதுக்கு எறாலு வாங்கியாந்து வெக்கறேன்.”