ஆப்பிரிக்கா எனக்கு வைத்த பெயர்

பக்கத்து வீட்டுக்காரர் என்னை நம்பி விட்டுவிட்டுப் போன மேளத்தை, வேண்டுமென்றே மழையில் வைத்தவன் நான். கை தவறவில்லை. மறதியும் இல்லை. ஈரம் பட்டால் தோல் தளரும் என்பது, கல்லூரியில் காலமெல்லாம் பௌதிகம் நடத்தியவனுக்குத் தெரியாதா?

யாருடைய மேளம் என்று சொன்னால்தான் குற்றத்தின் எடை தெரியும். பூதலூரில் ரயிலைக்கூடக் கொடி காட்டி நிறுத்திவிடலாம். ஆப்பிரிக்காவை நிறுத்த முடியாது. அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் இருந்தது. ரேஷன் கடைக்காரரே அதை மறந்து, "ஆப்பிரிக்கா, அடுத்தது நீங்க" என்றுதான் கூப்பிடுவார். மேற்கு ஆப்பிரிக்காவில், மாலி நாட்டில், ஒரு நெல் அரவை மில்லில் வெகுகாலம் ஃபிட்டராக இருந்துவிட்டுத் திரும்பியவர். வெளிநாட்டுக்குப் போனவர்கள் டிவியும் தங்கமுமாக வந்து இறங்கிய ஊரில், இவர் உரல் மாதிரி ஒன்றைத் தோளில் சுமந்துகொண்டு ரயிலிலிருந்து இறங்கினார். ஒரே மரத்தைக் குடைந்து, இடுப்பைச் சிறுக்கவைத்து, மேலே ஆட்டுத்தோல் போர்த்தி, கயிற்றால் இறுக்கிய மேளம். ஜெம்பே என்று பேர். மில்லில் கூட வேலை பார்த்த மூசா என்ற சிநேகிதர், பிரியும்போது அழுதுகொண்டே கொடுத்ததாம்.

"அங்கயும் ஆறு, அங்கயும் வாய்க்கா, அங்கயும் நெல்லுதான். ஒரே வித்தியாசம், அங்க மேளக்காரன் முன்னால நின்னாதான் மண்ணு வெட்டுற மம்முட்டிய வேகமா போடுவாங்க" என்பார்.

ஜெம்பேயை எடுத்த எடுப்பில் அடித்துவிட முடியாது. தோல் விறைக்க நெருப்பில் காட்ட வேண்டும். வந்த மறுநாள் சாயங்காலம் வாசலில் வைக்கோலைக் கொளுத்தி, மேளத்தைக் குழந்தையைப் போல் சாய்த்துப் பிடித்துக்கொண்டிருந்தார். எதிர்வீட்டு அம்மாள் "ஐயோ தீ!" என்று ஒரு குடம் தண்ணீரை வீசினார். அவ்வளவும் ஆப்பிரிக்காவின் தலையில். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நல்லா குறி பாத்தீங்கம்மா, மேளம் தப்பிச்சுது" என்றார்.

குறுவை நடவின்போது, கேட்பாரில்லாமலே மேளத்தோடு வரப்பில் போய் நின்றார். மாலியின் மாண்டிங் ஜனங்கள் வயலுக்கென்றே வைத்திருக்கும் தாளத்தை வாசித்தார். நடவுப் பெண்கள் சற்று நேரம் பொறுத்துப் பார்த்தார்கள். பிறகு ஒருத்தி நிமிர்ந்தாள்.

"அண்ணே, எங்க கையைப் பாத்து அடிங்க. நாங்க என்ன நாத்து நடுறோமா, ரயிலைப் புடிக்க ஓடுறோமா?"

ஆப்பிரிக்காவுக்கு ஒரே சந்தோஷம். "மூசாவும் இதையேதான் திட்டுவான்! ஆடுறவன் காலைப் பாத்து அடி, வேலை செய்யுறவன் கையைப் பாத்து அடி, உன் இஷ்டத்துக்கு அடிக்காதேம்பான்" என்று வேகத்தைக் குறைத்தார். அதன் பிறகு அவர் வராத நாளில் அந்தப் பெண்களே ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்கள்.

கல்யாணத்துக்கு ஒன்று, அறுவடைக்கு ஒன்று, களையெடுப்புக்கு ஒன்று என்று அங்கே காரியத்துக்குக் காரியம் தாளம் உண்டாம். மாற்றி வாசிப்பது பெரிய தப்பாம். தேர்தல் சமயத்தில் கட்சிக்காரர்கள் வந்தார்கள்.

"தலைவர் வர்றாரு, நல்லா ஒரு அடி அடிங்க."

"எதுக்கு வர்றாரு?"

"வோட்டுக் கேக்கத்தான்."

ஆப்பிரிக்கா வெகுநேரம் யோசித்து, தலைவரின் வேன் தெருவில் திரும்பியதும் களையெடுப்புத் தாளத்தைப் பிடித்தார். தலைவர் கும்பிட்டபடியே ரசித்துத் தலையாட்டினார். கூட்டத்திலிருந்த நடவுப் பெண்கள்தான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். "களை எதுண்ணே, மாலை போட்டிருக்கிறதா?" என்று ஒருத்தி கேட்டது வேன் வரை கேட்டிருக்கும்.

இப்படிப்பட்டவர் என்னையும் விட்டுவைக்கவில்லை. குடிவந்த வாரமே என் வீட்டுக்கு வந்து ஓர் உறவை அறிவித்தார்.

"அந்த ஊர்ல சில குடும்பத்துக்கும் சில குடும்பத்துக்கும் கேலிமுறை. கண்டபடி திட்டிக்கலாம், கோவிச்சுக்கக் கூடாது. எவ்வளவு பெரிய சண்டையானாலும் ஒருத்தன் 'போடா மொச்சை தின்னி'ன்னுட்டா சிரிச்சுட்டு எந்திரிச்சிரணும். எனக்கு மூசா அப்படி. இங்க எனக்கு யாருமில்ல. அதனால நீதான்."

"நானா?"

"மூஞ்சிய அப்படி உம்முனு வச்சிருக்கியே, உன்னவிட்டா வேற யாரு?"

அன்றிலிருந்து நான் அவருக்கு மொச்சைக்கொட்டை தின்னி. நான் தெருவில் தலை காட்டினால் ஜெம்பேயில் எனக்கென்று மூன்று அடி: தப், தப், தொம். அந்தத் தொம் எதைக் குறிக்கிறது என்று, மொச்சை தின்று பழகிய யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. தெருவே சிரிக்கும். திருப்பித் திட்டுவது என் பங்கு. நான் ஒருநாளும் திட்டியதில்லை. பேராசிரியர் அல்லவா!

ஓர் ஐப்பசியில் என் மகளைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். பிள்ளையின் அப்பா கேசரியை வாயருகே கொண்டுபோன நேரம், வாசலில் தப், தப், தொம். பின்னாலேயே குரல்: "மொச்சைக்கொட்டை தின்னி! வீட்டுல ஆளு இருக்கா, இல்ல காத்துதான் இருக்கா?"

சம்பந்தம் கெட்டுப்போகவில்லை. ஆனால் பிள்ளையின் அப்பா என்னைப் பார்த்த பார்வையை என்னால் மறக்க முடியவில்லை.

இரண்டு நாள் கழித்து ஆப்பிரிக்காவின் அண்ணனுக்குத் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம். "என் வீடு ஒழுகுது. இதைப் பாத்துக்க" என்று ஜெம்பேயை என் கூடத்தில் வைத்துவிட்டுப் போனார். அவர் தலை மறைந்ததும் அதை மொட்டை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். இரவெல்லாம் மழை. ஒரு வாரம் சத்தமில்லாமல் கிடக்கட்டும், அவ்வளவுதான் என் எண்ணம். காலையில் பார்த்தால் தோல் ஊறித் தொளதொளவென்று தொங்கியது. பயந்துபோய், வெளுத்த வெயிலில் காயவைத்தேன். அது காய்ந்து, இறுகி, நடுவே பிளந்துகொண்டது.

திரும்பிவந்த ஆப்பிரிக்கா பிளவின் மேல் விரலை ஓட்டிப் பார்த்தார். நான் "மழை..." என்று இழுத்தேன்.

"பரவாயில்லங்க சார்" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. மறுநாள் தெருவில், "வணக்கம் சார், சாப்டீங்களா?" அதற்கு மறுநாள், "வெயில்ல போறீங்களே சார், குடை எடுத்துக்குங்க." வாழ்க்கையில் யாரும் என்னை அவ்வளவு மரியாதையாகத் தண்டித்ததில்லை. தெருவும் ஊமையாகிவிட்டது. நான் கேட்டு வாங்கிய அமைதி என் காதையே குடைந்தது.

மார்கழியில் ஒருநாள், முட்டைகூடத் தொடாத நான், கறிக்கடை வரிசையில் போய் நின்றேன்.

"ஆட்டுத்தோல் வேணும்."

"கறி எவ்வளவு சார்?"

"கறி வேண்டாம்."

"தோலை மட்டும் வச்சு என்ன சார் பண்ணுவீங்க?"

"பரிகாரம்" என்றேன். கடைக்காரர் அதற்கு மேல் கேட்கவில்லை. பஸ்ஸில் பையோடு ஏறியதும் எனக்கு ஒரு சீட்டு அல்ல, ஒரு வரிசையே காலியானது.

ஆப்பிரிக்காவின் வாசலில் பையை வைத்துவிட்டு, "நானேதான் வேணும்னு மழையில வச்சேன்" என்றேன்.

"தெரியுங்க சார்."

"எப்படி?"

"நீங்க மேளத்தைத் தூக்கிட்டு மாடிப்படி ஏறுனதை எதிர்வீட்டு அம்மா பாத்தாங்க. அவங்க பாத்தா தெரு பாத்த மாதிரிங்க."

தோலைச் சேர்ந்தே ஊறவைத்தோம். மயிரைச் சேர்ந்தே சுரண்டினோம். கயிற்றை இழுத்ததில் என் உள்ளங்கை உரிந்தது. "பாத்துங்க சார்" என்று மஞ்சள் வைத்துவிட்டார். கடைசியில் தட்டிப் பார்த்தால் பழைய நாதத்தில் பாதிகூட இல்லை. "நல்லா வந்திருக்குங்க சார்" என்றார். பொய். அதுவும் மரியாதையான பொய்.

தையில் என் வீட்டு வாசலில் பந்தல். மாப்பிள்ளை வீட்டார் எல்லாரும் வந்து இறங்கியிருந்தார்கள். ஆப்பிரிக்காவை முறையாகப் பத்திரிகை வைத்துத்தான் அழைத்திருந்தேன். அவர் தம் வீட்டுக்குள்ளேயே இருந்தார். சம்பந்தி பக்கத்தில் காபி குடித்துக்கொண்டு நின்றார். நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தெரு நடுவே போய் நின்றேன்.

"யோவ், மொச்சைக்கொட்டை தின்னி! எம் பொண்ணுக்குக் கல்யாணம், நீ உள்ளே உக்காந்து என்னய்யா பண்றே? மேளத்தை எடுத்துட்டு வாய்யா!"

சம்பந்தியின் டம்ளர் பாதி வழியில் நின்றது. என் மனைவி நெஞ்சில் கை வைத்தாள். எதிர்வீட்டு அம்மாள் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

கதவு திறந்தது. ஆப்பிரிக்கா ஜெம்பேயோடு படியில் நின்று என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"எதை வச்சுடா அடிக்கிறது? தோலா வாங்கிட்டு வந்திருக்கே! உன்னோடதை உரிச்சுப் போட்ட மாதிரி தடிதடியா..." என்றவர், தோலை நெருப்பில் காட்ட வைக்கோல் தேடும் சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பிறகு மாண்டிங் கல்யாணத் தாளம், முகூர்த்த நேரம் வரை. சம்பந்தியே ஆடினார், நான் பார்த்தேன்.

அந்தத் தோல் இன்றும் மந்தமாகத்தான் ஒலிக்கிறது. நான் இப்போதெல்லாம் வெகு சீக்கிரம் விழித்துவிடுகிறேன். இருந்தாலும் பக்கத்து வாசலிலிருந்து தப், தப், தொம் கேட்கும் வரை படுக்கையை விட்டு எழுவதில்லை.