தூணில் குடியிருந்தவர்கள்

அடுத்த வியாழக்கிழமை இன்ஸ்பெக்டர் துரை வருகிறார். தூணிலோ இருநூறு ஆலாப் பறவைகள்.

ஸுஹைர் அண்ணாந்து பார்த்தான். நெற்றியிலேயே எச்சம் விழுந்தது. குடாவின் நடுவிலுள்ள அந்தக் குட்டித் தீவில், கப்பல்களுக்கு அடையாளமாக நிற்கும் தூணுக்கு அவன் மூன்று வருடமாகக் காவல்காரன். துரைக்குத் தூண் பிடித்துவிட்டால் திருகோணமலைக் கந்தோரில் எழுத்து வேலைக்கு இடமாற்றம். கிண்ணியாவில் மனைவி நஜ்முன் நிஸாவுக்கு இது எட்டாம் மாதம். பிள்ளை பிறக்கும்போது பக்கத்தில் இருக்க வேண்டும் என்று அவனுக்கு மனது கிடந்து அடித்துக்கொண்டது.

"அதுகளை ஏசாத தம்பி," என்றார் குடிதண்ணீர் கொண்டுவரும் சல்லி ஊர்த் தோணிக்காரர் கதிரவேல். "அதுகள் முட்டையிட்ட மணல் மேட்டிலதானே உனக்கு அறை கட்டினவங்கள். பிறகு எங்க போறது?"

"எங்கயாவது போகட்டும் அண்ணன். துரை இந்த அசிங்கத்தைப் பார்த்தா என்ட கதை முடிஞ்சுது."

முதலில் தூணைச் சுற்றிப் பழைய மீன்வலையைக் கட்டினான். வழுக்குக் கல்லில் அதுவரை ஒட்டியும் ஒட்டாமலும் இருந்த பறவைகளுக்கு இப்போது நல்ல பிடிமானம் கிடைத்தது. சொந்தபந்தங்களையும் கூட்டிக்கொண்டு வந்தன.

வலையை அவிழ்த்துவிட்டு, தன் சாரனையும் சட்டையையும் கம்பில் மாட்டிப் பொம்மை நிறுத்தினான். மத்தியானத்துக்குள் பொம்மையின் தோளில் ஒரு சோடி குடியேறிவிட்டது. மாற்றுச் சாரனும் போயிற்று.

"மணலைப் பறிச்சவங்கள். நீ திருப்பிக் குடுத்துப் பாரன்," என்றார் கதிரவேல்.

வேறு வழி? அவருடைய தோணியிலேயே பன்னிரண்டு நடை மணல் வந்தது. தீவின் மறுமுனையில் பரப்பினார்கள். முதல் நாள் இரண்டு பறவைகள் இறங்கிப் பார்த்தன. மூன்றாம் நாள் தூணில் ஒன்றுகூட இல்லை. ஸுஹைருக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

பிறகு தூண் முழுக்கக் காய்ந்து அப்பியிருந்த எச்சத்தை இரண்டு நாள் தேங்காய்த் தும்பும் கடல்தண்ணீருமாகத் தேய்த்தான். கை இரண்டும் கொப்பளித்தன. வியாழன் காலை, கட்டிய நாளில் இருந்ததுபோல் தூண் சுத்தக் கருங்கல்லாக நின்றது.

துரையின் லாஞ்ச் தீவுக்குக் கிட்டவே வரவில்லை. தூரத்தில் சற்று நேரம் நின்றுவிட்டுத் திரும்பிப் போயிற்று. அதில் வழிகாட்டப் போயிருந்த கதிரவேல் பின்னேரம் தோணியில் வந்தார்.

"ஏன் அண்ணன் இறங்கயில்ல?"

"அவர் ஒருநாளும் இறங்கிறவர் இல்லைத் தம்பி. இந்தப் பக்கத்தால போகவர லாஞ்சில நிண்டு தூரக்கண்ணாடியால பார்க்கிறதுதான்."

"இடமாற்றம்?"

"கையெழுத்து வைச்ச கடிதம் கையில இருந்தது. பார்த்துப்போட்டுத் திரும்பப் பைக்குள்ள வைச்சிட்டார்."

"யா அல்லாஹ்! ஏனாம்?"

கதிரவேல் தூணை அண்ணாந்து பார்த்தார்.

"'மூண்டு மைலுக்கு அங்கால நிண்டாலும் தெரியிற மாதிரி எவ்வளவு வடிவா வெள்ளை அடிச்சு வைச்சிருந்தவன், அதை ஏன் சுரண்டினவன்?' எண்டு கேக்கிறார், தம்பி."