பெயர் வாயில் நுழையாத மிருகம்

வார் அரை அங்குலம் குறைந்தது.

மெழுகு மறுபடி அளந்தான். அளவுகோலைத் திருப்பிப் போட்டும் அளந்தான். அளவுகோலுக்கு ஆள் பார்த்துப் பேசத் தெரியாது. அதே அரை அங்குலத்தைத்தான் சொன்னது.

நூலுக்கு மெழுகு தடவித் தடவி விரல் பத்தும் பிசுக்கேறிப் போனதால் கடையில் அவனுக்கு அந்தப் பெயர். ஒரு வீட்டு விலைக்கு ஒரு கைக்கடிகாரம் விற்கிற கடை அது. கீழே கண்ணாடிப் பெட்டிகளில் கடிகாரங்கள். மாடியில் ஜன்னலோரம் ஒரு மேசை, ஒரு விளக்கு, குத்தூசி, மெழுகுக்கட்டி. அந்தக் கடிகாரங்களுக்குத் தோல் வார் தைப்பது அவன் வேலை. இங்கே வருவதற்கு முன் பதினாலு வருஷம் நடைபாதையில் செருப்புத் தைத்தவன். மேலே கூரையும் கீழே நாற்காலியும் இருக்கிற வேலை அவனுக்குப் பாதி சொர்க்கம். மீதிப் பாதி அந்த ஜன்னல்.

இப்போது ஆபத்து அந்த ஜன்னலுக்குத்தான்.

தோல் முதலை ஐயாவுடையது. முதல் தடவை வந்தபோது முதலைத்தோல் வார் கேட்டார் என்று கடையில் வைத்த பெயர். வயிற்றுப்பக்கத்துத் தோல்தான் வேண்டும், கட்டமெல்லாம் சதுரமாக இருக்கவேண்டும், விலாப்பக்கம் வந்து வட்டமாகிவிட்டால் வேண்டாம் என்று அன்றைக்கே சொல்லிவிட்டார். அதற்கப்புறம் அவர் கட்டாத தோல் இல்லை. இறகு பிடுங்கிய புள்ளி தெரிகிற நெருப்புக்கோழித் தோல், கடுகு கொட்டியது மாதிரி மணிமணியாக இருந்து மூன்று ஊசியை முறித்த திருக்கை மீன் தோல், தவளைத் தோல்கூட. வாரைத்தான் பார்ப்பார், கடிகாரத்தைப் பார்க்கமாட்டார். மணி என்ன என்று கேட்டால் பக்கத்தில் இருப்பவர் கையை எட்டிப் பார்ப்பார்.

இந்தத் தடவை அவரே ஒரு நெருப்புக்கோழிக் கால் தோலைக் கொண்டுவந்து கொடுத்திருந்தார். ஒரு காலுக்கு ஒரு வார்தான் தேறும். காலின் முன்பக்கம் ஓடுகிற பெரிய செதில் வரிசை வாரின் நட்டநடுவில் வந்து உட்காரவேண்டும். வெட்டினால் வெட்டியதுதான். மெழுகு பழக்கதோஷத்தில் வெட்டிவிட்டான். இப்படிப்பட்ட கடிகாரம் கட்டுகிறவர்களுக்கு மணிக்கட்டு குச்சி மாதிரி இருக்கும். முதலை ஐயாவுக்கு உலக்கை. அளவு எழுதின சீட்டு மேசையிலேயேதான் கிடந்தது. கைதான் சீட்டைப் படிக்கவில்லை.

அந்த ஐயா முகம் சுளித்தால், நீ குத்தூசியை எடுத்துக்கொண்டு நடைபாதைக்கே போகலாம் என்று முதலாளி நேற்றே சொல்லியிருந்தார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

அரை அங்குலம்தானே, இழுத்தால் வரும் என்று தோன்றியது. வாரை வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, ஒரு நுனியை மேசையில் இறுக்கி, மறுநுனியில் செருப்புத் தைத்த காலத்து இரும்பைக் கட்டித் தொங்கவிட்டான். வார் நீண்டது. நீண்ட அளவுக்கு ஒல்லியானது. நடுச்செதில்கள் ஒவ்வொன்றும் கொட்டாவி விடுவது மாதிரி வாயைத் திறந்தன. செதில் படியட்டும் என்று எண்ணெய் தடவினான். படியவில்லை, பாதி வார் கறுத்துப்போனது. எண்ணெய் வற்றட்டும் என்று விளக்குக்கு அடியில் காட்டினான். காய்ந்த இலை மாதிரி சுருண்டது. சுருண்டதை நிமிர்த்தப் போனபோது இரண்டு செதில் கையோடு வந்துவிட்டது. கடைசியில் பார்த்தால், நாய் வேண்டாமென்று விட்டுப்போன கோழிக்கால் மாதிரி இருந்தது.

முதலை ஐயா நாலு மணிக்கு வருகிறார். கடையில் அறுபது கடிகாரம் இருந்தன. அறுபதும் ஒன்றரை என்றன.

மேசைக்கு அடியில் ஒரு பை கிடந்தது. மச்சானுடையது. அவன் மனைவிக்கு அண்ணன், கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்குகிறவர். தோளில் போட்டுக்கொள்கிற எருமைத்தோல் துண்டின் ஓரம் பிரிந்துவிட்டதென்று தைக்கக் கொடுத்திருந்தார். பதினெட்டு வருஷத்துத் தோல். சிமெண்டும் சர்க்கரையும் வெங்காயமும் அதன்மேல் ஏறி இறங்கியிருக்கின்றன. மூட்டை தேய்த்த பக்கம் கண்ணாடி மாதிரி மினுங்கியது. வியர்வை குடித்துக் குடித்துக் கறுப்பும் இல்லாமல் சிவப்பும் இல்லாமல் ஒரு நிறம், அதற்குள்ளே வறண்ட ஏரி மாதிரி நுணுக்கமான வெடிப்பு. மெழுகு விளக்கைக் கிட்டே இழுத்தான். இருபத்தைந்து வருஷமாகத் தோல் பார்க்கிறவன். இவ்வளவு அழகான தோலைப் பார்த்ததில்லை என்று தோன்றியது அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது.

இந்தத் தடவை சீட்டைப் பார்த்து வெட்டினான்.

நாலு மணிக்கு முதலை ஐயா வாரை வாங்கி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். வளைத்தார். மூக்குக்குக் கொண்டுபோனார். கண்ணை மூடினார். ரொம்ப நேரம் திறக்கவில்லை.

"இது நான் குடுத்த தோல் இல்லையே."

ஐயா கொடுத்த தோலில் உள்ளுக்குள்ளே பூச்சி அரித்திருந்தது, அதனால் ரொம்ப நாளாகப் பத்திரப்படுத்தி வைத்திருந்த உசத்தியான தோலில் தைத்தேன் என்று மெழுகு எப்படியோ சொல்லி முடித்தான்.

"என்ன மிருகம்?"

"பேரு வாயில நுழையாதுங்கய்யா. வெளிநாடு."

"பார்க்க எப்படி இருக்கும்?"

பொய் சொல்லிப் பழக்கமில்லாதவன் தெரிந்ததைத்தான் சொல்லமுடியும். மெழுகின் மனக்கண்ணில் மச்சான் வந்து நின்றார்.

"கழுத்து பெருசுங்க. கழுத்துன்னு தனியாவே சொல்ல முடியாது. தலை முடிஞ்சா தோள்தான்."

"சாதுவா?"

"வயிறு நெறைஞ்சா சாதுங்க. மத்தியானத் தூக்கத்துல எழுப்பினாத்தான் கடிக்க வரும்."

"தனியாத் திரியுமா, கூட்டமாவா?"

"கூட்டந்தாங்க. விடியறதுக்கு முன்னாடியே கிளம்பிரும். பொழுது சாய்ஞ்சா தண்ணி இருக்கிற பக்கமாப் போயிரும்."

"குட்டி எத்தனை போடும்?"

"மூணுங்க. மூணும் பொண்ணு."

சொன்னபிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான். முதலை ஐயாவுக்கு உதடு துடித்தது. கோபம் வருகிறது என்று மெழுகு நினைத்தான். அவர் குனிந்து வாரை இன்னொரு தடவை முகர்ந்தார். நிமிர்ந்தபோது முகம் சாந்தமாக இருந்தது. தோல் ரசனையுள்ள நண்பர்கள் நாலு பேர் இருக்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமை கூட்டிக்கொண்டு வருகிறேன், அவர்களுக்கும் இதே தோலில்தான் வேண்டும் என்றார். முதலாளி மெழுகின் முதுகில் தட்டினார். அந்த முதுகில் அதுவரை யாரும் நல்ல காரியத்துக்காகத் தட்டியதில்லை.

ஒரு மச்சானை வெட்டியாயிற்று. இன்னும் நாலு மச்சானுக்கு எங்கே போவது?

பழசை எலி தின்றுவிட்டது என்று சொல்லிப் புதுத் தோல் ஒன்றைத் தைத்து மச்சானிடம் கொடுத்தான். கூடவே, உங்கள் ஆட்களில் யார் பழைய தோள்தோல் கொடுத்தாலும் புதுசு தைத்துத் தருகிறேன் என்றான். கூட்ஸ் ஷெட்டில் அது பெரிய பேச்சாகிவிட்டது. பழசை வாங்கிக்கொண்டு புதுசு தருகிறவன் ஒன்று ஓட்டுக் கேட்க வந்திருக்கவேண்டும், இல்லையென்றால் பழசுக்குள் ஏதோ இருக்கவேண்டும் என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து பேசினார்கள். பேசிவிட்டு, ஆளுக்கு முந்தி ஆள் கொண்டுவந்து கொடுத்தார்கள். நாலு கேட்டவனுக்குப் பதினொன்று வந்தது. வாக்குக் கொடுத்த பாவத்துக்குப் பதினொன்று தைத்தான்.

பழைய தோலையெல்லாம் வீட்டில் கொடியில் போட்டிருந்தான். அவன் மனைவி மூக்கைச் சேலையால் பொத்திக்கொண்டு சொன்னாள்: "எங்கண்ணன் ஒருத்தர் வாசத்தையே நான் சின்ன வயசுலேர்ந்து பொறுத்துக்கிட்டேன். இப்ப ஷெட்டே வந்து குடியேறிருச்சு."

ஞாயிற்றுக்கிழமை நாலு பேரும் வந்தார்கள். நாலும் குச்சி மணிக்கட்டு. மாடியில் நீல வெல்வெட் விரித்து, நாலு வாரையும் வரிசையாக வைத்தான் மெழுகு. முதலை ஐயா ஓரமாக ஒரு நாற்காலியைப் போட்டுக் கைகட்டி உட்கார்ந்துகொண்டார்.

முதலாமவர் முகர்ந்துவிட்டு உப்பு வாசம் வருகிறது, கடல் பிராணி என்றார். இரண்டாமவர் உப்புக்குப் பின்னால் லேசான இனிப்பு இருக்கிறது, பழம் தின்கிற மிருகமாக இருக்கும் என்றார். மெழுகுக்குச் சர்க்கரை மூட்டை ஞாபகம் வந்தது. மூன்றாமவர் சட்டைப்பையிலிருந்து லென்ஸை எடுத்தார்.

"இந்த ரேகையைப் பாருங்க. இது சுதந்திரமாத் திரியற மிருகத்துக்குத்தான் வரும். அடைச்சு வச்சு வேலை வாங்கினா வராது."

நாலாமவர் வாரைக் கன்னத்தோடு வைத்துக்கொண்டார்.

எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்போது படிக்கட்டு அதிர்ந்தது. மச்சான். ஷெட்டிலிருந்து நேரே வந்திருந்தார். அழுக்கு பனியன், தோளில் புதுத் தோல்.

"மாப்ள, இது சரியா உக்கார மாட்டேங்குது. தோளைக் கடிக்குது."

அவரோடு கூடவே அவருடைய வாசமும் மாடியேறி வந்தது. மூன்றாமவர் மூக்கை உயர்த்தினார். இரண்டு தடவை இழுத்தார். "இன்னொரு துண்டு எங்கேயோ பக்கத்துலதான் வச்சிருக்கான்" என்று நாலாமவரிடம் குசுகுசுத்தார். மச்சானை அவர்கள் பார்த்த பார்வை வழியில் இறக்கிவைத்த மூட்டையைப் பார்க்கிற பார்வைதான். அது மச்சானைத் தாண்டி அலமாரிக்குப் போய்விட்டது.

மெழுகு மனதுக்குள்ளேயே ஜன்னலை மூடிவிட்டான். நடைபாதையில் எந்த மரத்தடி காலியாக இருக்கும் என்றுகூட யோசித்துவிட்டான்.

முதலை ஐயா எழுந்தார். மச்சானிடம் போனார். அவர் தோளில் கிடந்த தோலைக் கழுத்துப் பக்கமாக இரண்டு விரல் அளவு இழுத்துவிட்டு, ஓரத்தை மடித்து, மேலே ஒரு தட்டுத் தட்டினார்.

"இப்ப?"

மச்சான் தோளை உருட்டிப் பார்த்தார். "இப்ப சரிங்க."

ஐயா திரும்பிவந்து உட்கார்ந்தார். நண்பர்களைப் பார்த்து, ஏன் கையில் வைத்திருக்கிறீர்கள், கட்டிக்கொள்ளுங்கள் என்றார். நாலு பேரும் கட்டிக்கொண்டார்கள். நல்ல இறுக்கமாக.

மெழுகால் அதற்குமேல் தாங்கமுடியவில்லை. ஐயா தெரிந்து கேட்பதற்கு முன் தானே சொல்லிவிடலாம், ஆனால் நாலு பேர் நடுவில் சொல்லி ஐயாவுக்குத் தலைகுனிவு உண்டாக்கக் கூடாது. காரில் ஏறும்போது தனியாகச் சொல்லலாம் என்று கீழே இறங்கி ஓடினான். வாசலில் ஐயாவின் கார் நின்றது. டிரைவர் ஈரத்துணியால் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தார்.

ஐயாவுக்குக் கோபம் வந்தால் எப்படி இருக்கும் என்று கேட்டான். எதற்கு என்றார் டிரைவர்.

"அண்ணே, அது மிருகமே இல்லண்ணே. மூட்டை தூக்குறவங்க தோள்ல போடற தோலு. எங்க மச்சானோடது."

டிரைவர் துணியைப் பிழிந்து உதறிக் காரின்மேல் விரித்தார்.

"மொத நாளே மோந்து பார்த்துட்டு வந்து கார்ல ஒரே சிரிப்புப்பா. லாரி வாங்குறதுக்கு முன்னாடி இருபது வருஷம் மூட்டை தூக்கினவரு அவரு. மேல உக்காந்து மோந்துக்கிட்டு இருக்காங்களே நாலு பேரு, தூக்கினது அவங்க அப்பனுங்க மூட்டைதான்."