வலது பக்கத்து விரிசல்

"டாக்டர், மேல பேஷண்ட் வாயைத் திறந்துக்கிட்டு உக்காந்திருக்கார்!"

"மூடிக்கச் சொல்லுங்க!"

பல் டாக்டர் ஹெல்மி தலையைத் தூக்காமலே பதில் சொன்னான். தூக்கவும் முடியாது. வெள்ளைக் கோட்டோடு தரையில் குப்புறப் படுத்து, ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரின் அடியில் தலையை விட்டிருந்தான். கையில் கடைவாய்ப் பல்லைப் பார்க்கிற சின்னக் கண்ணாடி. அலெக்சாண்டிரியாவில் டிராமுக்கு நிற்கிற கூட்டத்துக்கு வேடிக்கை கிடைத்தால் போதும். இரண்டு டிராம்கள் காலியாகவே போய்விட்டன.

வலது கதவுக்கு அடியில் ஓடும் கறுப்புப் பிளாஸ்டிக் பட்டையில், ஒரு விரல் நீளத்துக்கு விரிசல்.

"நேத்து ஈரல் ரொட்டிக் கடை வாசல்ல லேசா ஏறி இறங்கின மாதிரி இருந்துச்சு. போச்சு இனாயத் அம்மா, என் கல்யாணம் போச்சு!"

"காருக்கும் கல்யாணத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்றாள் கிளினிக்கில் சீட்டு எழுதிக் கொடுக்கும் இனாயத்.

சம்பந்தம் இருந்தது. கார் ஸஃப்வத்துடையது. ஸஃப்வத், ஹெல்மி உயிரையே வைத்திருக்கும் தஹானியின் அண்ணன். பழைய காராக வாங்கி ஒரு மாதம்தான் ஆகிறது. அதற்குள் பெற்ற பிள்ளையைப் போல அதைக் குளிப்பாட்டித் துடைத்துக்கொண்டிருந்தான். நேற்று மாலை அவனே சாவியைத் தூக்கி ஹெல்மியிடம் போட்டான்.

"டாக்டர், தங்கச்சியைக் கொடுக்கறதுக்கு முன்னாடி காரைக் கொடுத்துப் பாக்கறேன். நாளைக்குச் சாயங்காலம் இதுலயே வந்து இறங்குங்க. ஒரு கீறல் இல்லைன்னா எல்லாரும் உக்காந்து ஃபாத்திஹா ஓதி நிச்சயம் பண்ணிடலாம். கீறல் இருந்தா, டீயைக் குடிச்சுட்டுக் கிளம்பிடலாம்."

வாசலில் நின்ற ஸஃப்வத்தின் அம்மா, ஹஜ் போய் வந்த ஹாஜா இஃப்பத்துக்கு வேறு கவலை.

"ஒரு பழைய செருப்பைப் பின்னால கட்டுடான்னா கேக்கறானா? ஊர்க் கண்ணு மொத்தமும் இது மேலதான்!"

"அம்மா, இது ஸ்போர்ட்ஸ் கார். தக்காளி வண்டியில்ல!"

"நீ ஒண்ணும் கட்ட வேணாம் போ. நான் பாத்துக்கிட்டேன்," என்று ஹாஜா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். ஏதோ ஓதி ஊதியிருப்பார் என்று ஹெல்மி நினைத்தான். அதற்கு மேல் நினைக்க அவனுக்கு நேரமில்லை. அவன் காரையே சரியாகப் பார்க்கவில்லை; மாடியில் நின்ற தஹானியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இப்போது அவனுக்குச் சட்டென்று ஒரு யோசனை வந்தது. சொத்தைப் பல்லையே அடைக்கிற கைக்கு இந்த விரிசல் எம்மாத்திரம்?

"இனாயத் அம்மா! சொத்தை அடைக்கிற பசையும் அந்த நீல விளக்கும் கொண்டு வாங்க!"

பசையைப் பூசினான். நீல விளக்கைப் பிடித்தான். பசை கல்லாக இறுகியது. கூட்டத்தில் இரண்டு பேர் கைகூடத் தட்டினார்கள். ஹெல்மி ஆனந்தமாக எழுந்து நின்று பார்த்தான்.

கறுப்புப் பட்டையின் நடுவில் வெள்ளைவெளேரென்று ஒரு கோடு.

"கார் சிரிக்கற மாதிரி இருக்கு டாக்டர்," என்றாள் இனாயத்.

"ராவினா போயிடும்."

ராவினான். பசை போனது. கூடவே பிளாஸ்டிக்கும் போய், விரிசல் இருந்த இடத்தில் ஓட்டை விழுந்தது.

"பட்டையையே கழட்டி, பின்பக்கமா ஒட்டிடறேன்!" ஹெல்மிக்கு இப்போது வெறி பிடித்துவிட்டது. "உள்ள கிளிப் போட்டு மாட்டியிருக்கான். கிளிப்புன்னா என்ன, பல்லு மாதிரிதான். பக்குவமா ஆட்டினா வந்துடும்!"

பல் பிடுங்கும் குறடால் பிடித்துப் பக்குவமாக ஆட்டினான். டிக். ஒரு கிளிப் உடைந்தது. டிக், டிக். "இன்னும் கொஞ்சம்தான்!" என்று காலைக் காரில் ஊன்றிக்கொண்டு ஒரே இழு இழுத்தான். பட்டை இரண்டு துண்டாக வந்தது. அதோடு கைகோத்திருந்த சக்கர வளைவின் பிளாஸ்டிக்கும் பெயர்ந்து வந்து மடியில் விழுந்தது.

மாடி ஜன்னலிலிருந்து பேஷண்ட் எட்டிப் பார்த்துவிட்டு, மரத்துப்போன வாயோடு, "எழக்கு வல்லு வேழாம்!" என்று சொல்லிப் படியிறங்கி ஓடினார்.

அரை மணி நேரத்தில் ஹெல்மி உதிரிபாகக் கடைத்தெருவில் நின்றான். கரம் என்ற கடைக்காரர் மீசையைத் தடவியபடி காரைச் சுற்றி வந்தார்.

"எந்த லாரி மோதுச்சு டாக்டரே?"

"நான்தான்... பட்டையைக் கழட்டினேன்."

"வெறுங்கையாலயா? அடேயப்பா! இதே பட்டை புதுசா எங்கிட்ட இருக்கு. இப்பவே மாட்டிடலாம்."

மாட்டினார். கச்சிதமாகப் பொருந்தியது. ஹெல்மிக்குப் போன உயிர் திரும்பி வந்தது, வந்ததும் மறுபடி போனது. கடல் உப்பிலும் வெயிலிலும் கிடந்து காரின் மற்ற பிளாஸ்டிக்கெல்லாம் சாம்பல் பூத்திருந்தது. புதுசு மட்டும் கரிக்கறுப்பு. வரிசையில் ஒரு கட்டுப்பல் மட்டும் மின்னுவதைப் போல அது தனியாகத் தெரிந்தது.

"இது குருடனுக்கும் தெரியுமே! ஸஃப்வத் உடனே கண்டுபிடிச்சுடுவான்!"

"அப்போ இடது பக்கமும் மாத்திடுவோம்."

இடது பக்கம் மாற்றினார்கள். சக்கர வளைவுகள் கிழடு தட்டித் தெரிந்தன. வளைவுகளை மாற்றினார்கள். முன்பம்பரின் உதடு பல்லிளித்தது. அதை மாற்றினார்கள். பின்பக்கம் பார்த்தார்கள், அது பரிதாபமாக இருந்தது.

"எல்லாத்தையும் மாத்துங்க கரம் அண்ணே! ஒண்ணு விடாம!" ஹெல்மி கோட்டைக் கழற்றி எறிந்துவிட்டுத் தானும் களத்தில் குதித்தான். பழைய கிளிப்புகள் நாலாபக்கமும் தெறித்தன. கைமுட்டியெல்லாம் ரத்தம். ஆனால் ஒவ்வொரு துண்டும் 'டப்' என்று போய் உட்காரும்போது அவனுக்குத் தஹானியின் கை ஒரு அடி பக்கத்தில் வந்தாற்போலிருந்தது. உண்மையைச் சொல்லப்போனால், இவ்வளவு சந்தோஷமாக அவன் ஒரு பல்லைக்கூடப் பிடுங்கியதில்லை.

"காசு?" என்றான் கடைசியில், பயந்துபோய்.

"காசு வேணாம். ஒரு பல் செட்டு கட்டிக் கொடுங்க."

"உங்க மாமியாருக்கா?"

"ஐயையோ! பல்லு இல்லாமலே அந்தக் கடி கடிக்கறாங்க. எனக்கு!" என்று கரம் வாயைத் திறந்து காட்டினார். அதில் வேலை நிறைய இருந்தது.

மாலை. மஞ்சள் வெயிலில் கார் தஹானி வீட்டு வாசலில் வந்து நின்றபோது தெருவே திரும்பிப் பார்த்தது. நேற்றுத்தான் தொழிற்சாலையிலிருந்து வெளியே வந்ததைப் போல ஜொலித்தது.

ஸஃப்வத் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஆரம்பித்தான். முன்பக்கம் குனிந்தான். இடது பக்கம் விரலால் தடவினான். பின்பக்கம் செல்போன் விளக்கை அடித்தான். வலது கதவருகே மண்டியிட்டான். ஹெல்மி காயம்பட்ட கைமுட்டிகளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான். மாடியில் தஹானி திரைச்சீலையைக் கசக்கிக்கொண்டிருந்தாள்.

ஸஃப்வத் மெல்ல எழுந்தான்.

"என்ன பண்ணீங்க டாக்டர்?"

"நானா? சும்மா... கொஞ்சம் தொடைச்சேன்."

"தொடைச்சதுக்கா இப்படி? என் காரை எனக்கே அடையாளம் தெரியலையே!" பாய்ந்து வந்து கட்டிப்பிடித்தான். ஹெல்மியின் விலா எலும்பு முறிந்திருக்க வேண்டும். "அடுத்தவன் பொருளையே இப்படி வெச்சிருக்கிறவன், என் தங்கச்சியை எப்படி வெச்சிருப்பான்! அம்மா, எல்லாரையும் கூப்பிடு!"

குலவைச் சத்தம் தெருவைத் தூக்கியது. உள்ளே ஃபாத்திஹா ஓதினார்கள். சிவப்புச் சர்பத் கைமாறியது. தஹானி நிமிர்ந்து ஹெல்மியைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கு இன்னொரு காரைக்கூடக் கழற்றி மாட்டலாம் என்று அவனுக்குத் தோன்றியது.

அப்போது யாரோ அவன் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார்கள். ஹாஜா இஃப்பத். வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். காரின் வலது பக்கம் குனிந்து புதுப் பட்டையைத் தடவித் தடவிப் பார்த்தார். முகம் சுருங்கியது. கண்டுபிடித்துவிட்டார் என்றே ஹெல்மி நினைத்தான். எல்லாவற்றையும் கொட்டிவிடலாமென்று அவன் வாயைத் திறப்பதற்குள், ஹாஜா முக்காட்டுக்குள்ளிருந்து பூண்டு இடிக்கும் சின்னப் பித்தளை உலக்கையை எடுத்தார்.

"மாப்ளே, ஸஃப்வத் வர்றானான்னு கொஞ்சம் பாத்துக்கோ, ஊர்க் கண்ணு படாம இருக்கட்டும்னு நேத்து நீ வர்றதுக்கு முன்னாடி நான் தட்டி வெச்ச விரிசலை எவனோ சரி பண்ணித் தொலைச்சிருக்கான்!"